சாவி பர்மாவில் இருந்த அறை

ஒரு வீட்டுக்குள் பூசணம் வந்துவிட்டதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். நனைந்த கோணியும் பழைய சாம்பலும் சேர்ந்தாற்போல ஒரு மக்கல் வாடை. அந்த வாடை வந்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் நம்முடைய வேலையே இருக்கிறது.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு, பழைய ஆள் என்கிற முறையில் நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கு எத்தனை பங்கு மணல், எந்தப் பெட்டிக்கு வசம்பு, எந்த அறைக்கு எத்தனை நாள் சாம்பிராணிப் புகை என்பதையெல்லாம் கொத்தனாரும் ஆசாரியும் உங்களுக்குக் காட்டிக் கொடுப்பார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு பார்த்தவன், என் கையாலேயே கெட்டுப்போன ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். எந்த ஊர், யார் வீடு என்று சொல்லமாட்டேன். ஏன் சொல்லவில்லை என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

நம் பக்கத்து வீடுகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான், பட்டு, வெள்ளி, பெட்டி எல்லாம் அதற்குள் இருக்கும். ஒருவர் அறையை இன்னொருவர் திறப்பதில்லை. கூடப் பிறந்த அண்ணனே ஆனாலும் தம்பி அறைப் பூட்டில் கை வைக்கமாட்டார். மரியாதை பாதி, நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்கிற பயம் பாதி.

நான் பார்த்த அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர், நாங்கள் பெரிய செட்டியார் என்று சொல்லுபவர், பர்மாவில் இருந்து ஓய்ந்து வந்து ஊரோடு இருந்தார். நடுவிலவர் குடும்பத்தோடு இலங்கையில். கடைசித் தம்பிக்கு அப்போது வயது இருபத்திரண்டு இருக்கும். கல்யாணம் முடிந்து ஆறு மாசம்தான் ஊரில் இருந்தார். ஆனி மாசம் பர்மாவுக்குப் புறப்பட்டார். அவர் மனைவியை நாங்கள் சின்ன ஆச்சி என்போம். வயிற்றில் ஐந்து மாசம். பிரசவத்துக்கு நேமத்தான்பட்டியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அறையைப் பூட்டவேண்டியவர் சின்னச் செட்டியார்தான். பூட்டினார்.

அவருடைய பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றியவன் நான்.

"சேர்வை, நான் வாரதுக்குள்ள வீட்டக் கரையான் தின்னுறாமப் பாத்துக்கங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

"கரையான்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க அறைச் சாவியக் குடுத்துட்டுப் போங்க. புரட்டாசியில ஒரு தரம் திறந்து காத்து விடணும்ல."

"அது என் அரைஞாண்ல கெடக்கு. அதுவும் பர்மாவப் பாக்கட்டும்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். வண்டி போய்விட்டது.

விளையாட்டுப் பிள்ளை என்று நானும் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வண்டிக்குப் பின்னால் நாலு எட்டு ஓடிப்போய்ச் சாவியை வாங்கியிருக்கலாம்.

நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் எதிரி. மீதிப் பத்து மாசம் இந்தச் செம்மண் பூமியில் வெயில் அடித்து நம்மை மெத்தனமாக்கி வைத்திருக்கும். அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் விடாமல் ஒன்பது நாள் பெய்தது. பத்தாம் நாள் காலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு உள்முற்றத்தைச் சுற்றி வந்தேன். சின்னச் செட்டியார் அறைக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. அந்த வாடை. குனிந்து கதவின் அடியில் கையை வைத்தேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கதவின் அடிச்சட்டத்தில் வெள்ளையாக, மாவு தெளித்தது போல் ஏதோ இருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது.

எங்கள் வீட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே ஏறிப் பார்க்கச் சொன்னேன். என் வயசுக்காரர்தான். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். வேப்பங்கிளை முறிந்து விழுந்து அந்த அறைக்கு மேலே ஒரு முழத்துக்கு ஓடு நொறுங்கிக் கிடந்ததாம். மாற்றி அடைத்துவிட்டு இறங்கினார்.

"மேல அடைச்சுட்டேன் மாப்ளே. ஆனா சுவரு குடிச்சது குடிச்சதுதான். மேலக்கட்டுச் சுவரு பூரா ஓதம் ஏறிக் கெடக்கும். கதவத் திற. காத்தும் வெளிச்சமும் போகணும்."

"சாவி பர்மாவுல இருக்கு."

"ஓகோ. அப்படின்னா பூசணத்துக்கும் ஒரு காயிதம் போட்டு வச்சிரு. சாவி வாரவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கன்னு."

"கேலி பண்ணாதீக. அடுத்தவுக அறை."

"நான் கேலி பண்ணலை. பூட்ட உடைக்க எனக்கு ரெண்டு அடி போதும். நீ உடைன்னு சொல்லு, உடைக்கிறேன்."

நான் சொல்லவில்லை. பெரிய செட்டியாரிடம் போனேன். அவர் பூசையை முடித்துவிட்டு விபூதியோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி அறையத் திறந்தேன்னா நாளைக்கு அவன் ஒண்ணும் சொல்லமாட்டான், சேர்வை. அவன் பொண்டாட்டி வீட்டுக்காரவுக சொல்லுவாக. சாமான் குறைஞ்சுதுன்னு ஒரு வார்த்தை வந்தா இந்த வீடு ரெண்டாப் போகும். நான் அவனுக்கு எழுதிப் போடுறேன். அவன் உடைன்னு எழுதட்டும்."

"பதில் வர மாசக்கணக்காகுமே அய்யா. அதுக்குள்ள..."

"வீடு பாக்குறவன் நீ. இதுக்கு மேல தாங்காதுன்னு உனக்குப் பட்டா, உடைச்சுக்க. உன் மேல எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனா என்னய முன்னால நிக்கச் சொல்லாத."

அவர் என்னைத் தடுக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தடுத்திருந்தால் இன்றைக்கு அவரைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். முடிவை என் கையில்தான் கொடுத்தார். எனக்குத்தான் அது சுட்டது. நான் கூலிக்கு வேலை பார்ப்பவன். வெள்ளியும் பட்டும் கிடக்கிற அறையை நான் உடைத்தேன் என்று ஊரில் ஒரு சொல் வந்தால், என் பிள்ளைகளை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள் என்று யோசித்தேன்.

அன்று மாலை ஊருணிக்கரைப் பிள்ளையாரிடம் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துப் பிள்ளையார் காலடியில் போட்டேன். வெள்ளை வந்தால் உடைப்பது, சிவப்பு வந்தால் காத்திருப்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் எடுக்க வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னேன். பிரித்தேன். சிவப்பு.

மனசு லேசாகிவிட்டது. அந்த லேசைப் பார்த்து அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

நான் சாமியை நம்புகிறவன். இன்றைக்கும் காலையில் விபூதி பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையார் தப்பாகச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் எனக்கு மூக்கைக் கொடுத்திருந்தார். அந்த மூக்கு காலையிலேயே பதில் சொல்லிவிட்டது. தெரிந்த பதிலைத் திரும்பப் போய் அவரிடம் கேட்டேன். என் பயத்தை அவர் தலையில் இறக்கி வைக்கத்தான் கேட்டேன்.

அந்த ஐப்பசியிலேயே சின்ன ஆச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நெல்லும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்க நானே நேமத்தான்பட்டிக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து ஆச்சியின் குரல் கேட்டது.

"வீடெல்லாம் நல்லா இருக்கா சேர்வை? மழை ரொம்பன்னு சொன்னாக."

"நல்லா இருக்கு ஆச்சி" என்றேன்.

பச்சை உடம்புக்காரியிடம் பூசணத்தையும் பூட்டையும் பற்றிப் பேசுவானேன் என்று நினைத்தேன். அதோடு, இருபது வயதுகூட ஆகாத பெண்ணிடம் கேட்டு என்ன முடிவு கிடைத்துவிடப் போகிறது என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புத்தான் உண்மையான நினைப்பு.

கார்த்திகை போனது. கதவின் அடியில் இருந்த வெள்ளை ஒரு சாண் ஏறியது. நான் தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் சாம்பிராணி போட்டேன். கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "பூட்டுக்கு வாசம் காட்டுறியா மாப்ளே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்கழியில் ஒரு காலை பர்மாவில் இருந்து கடிதம் வந்தது. பெரிய செட்டியார் படித்தார். எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். தம்பிக்கு உள்நாட்டில் எங்கேயோ போன இடத்தில் விஷக் காய்ச்சல். நாலு நாள்தான் கிடந்தாராம்.

அதற்கு மேல் அந்த மாசத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

தை மாசக் கடைசியில் அவருடைய பெட்டி வந்து சேர்ந்தது. மேலாக ஒரு துணி முடிச்சில் அந்தச் சாவி. அதன் பக்கத்தில் பூட்டை உடைக்கலாமா என்று கேட்டு அண்ணன் எழுதிய கடிதம். அவர் உள்நாட்டில் இருந்தபோது கடைக்கு வந்து கிடந்திருக்கிறது. பிரிக்கவே இல்லை.

அறையைத் திறக்கச் சின்ன ஆச்சி வந்தார். வெள்ளைச் சேலை. தோளில் மூன்று மாசப் பெண். அவர் தாயார் கூட வந்திருந்தார். பெரிய செட்டியார், நான், எதற்கும் இருக்கட்டும் என்று நான் வரச் சொன்ன கொத்தனார். ஆச்சி குழந்தையைத் தாயாரிடம் கொடுத்துவிட்டுத் தன் கையாலேயே சாவியைப் போட்டார். சாவி பாதிதான் திரும்பியது. நான் எண்ணெய் விட்டேன். தட்டிப் பார்த்தேன். மூன்று மாச ஈரத்தில் பூட்டு உள்ளே துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

"உடைங்க" என்றார் ஆச்சி.

கொத்தனார் இரண்டு அடி அடித்தார். திறந்துகொண்டது. ஐப்பசியில் அவர் சொன்ன அதே இரண்டு அடி.

உள்ளே இருந்ததை விவரித்து உங்களைப் பயமுறுத்த வேண்டாம். இந்த வேலையில் நீங்களே ஒருநாள் பார்ப்பீர்கள். பாய்களின் மேல் வெள்ளை மயிர் முளைத்தது போல இருந்தது. பட்டு மடிப்புகளில் கறுப்பும் பச்சையும் புள்ளி புள்ளியாக ஓடியிருந்தன. ஆச்சியின் தாயார் தலையில் அடித்துக்கொண்டார். ஆச்சி அதில் எதையும் பார்க்கவில்லை. நேராக, ஓதம் ஏறிய அந்த மேற்குச் சுவருக்குப் போனார். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. சின்னச் செட்டியார் கல்யாணத்துக்கு முன் ரங்கூனில் எடுத்துக்கொண்ட போட்டோ. கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இருந்தது அந்த ஒரே படம்தான்.

கண்ணாடிக்கு உட்பக்கம் புகை படிந்தது போல மங்கிக் கிடந்தது. கோட்டின் மேலும் கழுத்தைச் சுற்றியும் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருந்தது.

"மொகம் தெரியுதா சேர்வை? எனக்குக் கண்ணு மறைக்குது. பாத்துச் சொல்லுங்க."

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். "தெரியுது ஆச்சி. மொகத்துக்கு இன்னும் ஏறலை."

"அப்பாடா" என்றார். பர்மாக் கடிதம் வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு ஆறுதலைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. "தொடச்சுக் குடுங்க. புள்ளைக்கு அவ அப்பச்சியக் காட்டணும்."

சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினேன். படம் கண்ணாடியில் ஒரு ஓரம் ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். சில்லென்று, ஈரமாக, வழவழப்பாக இருந்தது.

"நெழல்ல போடு மாப்ளே" என்றார் கொத்தனார் காதோடு. "ஈரச் சுவரச் சொரண்டுனா பூச்சும் சேந்து வராதா? காயட்டும். ரெண்டு நாளு போகட்டும்."

எனக்குத் தெரியாதா? அவருக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஆனால் எதிரே அந்தப் பெண் நிற்கிறார். குழந்தையைத் தாயாரிடம் இருந்து வாங்கி, முகம் என் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு நிற்கிறார். "சீக்கிரம் தொடச்சுக் குடுப்பா, இதப் பாத்தாலாவது மனசு ஆறும்" என்கிறார் பெரிய செட்டியார். மூன்று மாசம் கதவுக்கு முன்னால் சும்மா நின்றவன், இன்றைக்காவது இவருக்கு ஒன்று உடனே செய்துவிட வேண்டும் என்று என் கை துடித்தது.

தோளில் இருந்த துண்டின் நுனியால் ஒரு தரம், பூப்போலத் துடைத்தேன். வெள்ளை நூலெல்லாம் வந்துவிட்டது. முகம் பளிச்சென்று தெரிந்தது. சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டது போன்ற வாய். இடது தாடையில் ஒரு சின்ன மச்சம். அப்படியே நிறுத்தியிருந்தால் போதும். இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும் என்று இரண்டாம் தரம் துடைத்தேன்.

முகம் துண்டோடு வந்துவிட்டது.

படத்தில் கோட்டு இருந்தது, நாற்காலி இருந்தது, தலைப்பாகையில் பாதி இருந்தது. நடுவில் வெறும் அட்டை. துண்டின் நுனியில் பழுப்பாக ஒரு கறை.

குழந்தை ஏதோ சத்தம் கொடுத்தது. நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆச்சி வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தார். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டமாட்டாரா என்றுகூட இருந்தது.

"எப்ப இருந்து உள்ள தண்ணி போச்சு?" என்று கேட்டார்.

"ஐப்பசியில, ஆச்சி."

"ஐப்பசியிலயே தெரியுமா உங்களுக்கு?"

மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் எழுதிய கடிதத்தைச் சொன்னேன். ஊருணிக்கரையில் பூக்கட்டிப் பார்த்ததையும் சிவப்பு வந்ததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவுகளுக்கு எழுதிக் கேட்டீக. சாமிகிட்டப் பூப்போட்டுக் கேட்டீக. நேமத்தான்பட்டி கூப்புடு தூரத்துல இருக்கு. நீங்களே வந்தீக. என்னய ஒரு வார்த்தை கேக்கலையே, சேர்வை."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே காரணம் தெரியாமல் கேட்பது போல் கேட்டார்.

"கேட்டிருந்தா அப்பவே உடைங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு கையை நீட்டினார். "அந்தத் துண்டக் குடுங்க."

"ஆச்சி, இது அழுக்கு..."

"குடுங்க. தொவைக்க வேணாம்."

வாங்கி, கறை உள்ளே இருக்கும்படி மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

படம் எடுத்த ஆளைத் தேடிப் பெரிய செட்டியார் ரங்கூனுக்கு எழுதிப் பார்த்தார். அந்த ஆள் கடையை மூடிக்கொண்டு எங்கேயோ போய்விட்டதாகப் பதில் வந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. அந்த அறையின் சாவியை ஆச்சி என்னிடமே கொடுத்து வைத்தார். அந்தத் தண்டனை பெரிது.

பிறகு ஆச்சி அந்த வீட்டோடு வந்துவிட்டார். துண்டு ஒரு சின்னத் தேக்குப் பெட்டியில் வசம்போடு இருந்தது. ஒவ்வொரு புரட்டாசியிலும் நான் அந்தப் பெட்டியை எடுத்து, துண்டை உள்முற்றத்து நிழலில் விரித்து வைப்பேன். ஒரு பூச்சி, ஒரு புள்ளி அதன் மேல் வரவிட்டதில்லை. நடக்கத் தெரிந்த நாளில் இருந்து அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"இதுதான் எங்க அப்பச்சியா?"

"இதுல இருக்காக, ஆத்தா."

"எப்படி இருப்பாக? நீங்கதான் கடைசியாப் பாத்தீகளாமே."

சொல்லுவேன். அவரை நேரில் பார்த்தவன்தான் நான். ஆனால் முதலாளி முகத்தை உற்றுப் பார்க்கும் வழக்கம் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது. எனக்குள் நின்றது இரண்டு துடைப்புக்கு நடுவில் பார்த்த அந்த முகம்தான். சிரிப்பை அடக்கிக்கொண்ட வாயைச் சொல்லுவேன். இடது தாடையில் இருந்த சின்ன மச்சத்தைச் சொல்லுவேன். மச்சம் என்றதும் அந்தப் பெண் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். "எனக்கு வரலையே" என்று வருத்தப்படும். வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில்.

பதினாலு வயதில் அதற்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்த நாள் காலையில் கூட்டத்துக்குள் நான் ஜமக்காளம் சுமந்துகொண்டு போகிறேன். மணப்பெண் அலங்காரத்தோடு என்னைப் பார்த்து நின்றது.

"சேர்வை, இங்குட்டுப் பாருங்க. திருஷ்டிப் பொட்டக் கன்னத்துல வைக்க வந்தாக. நான் விடலை. எங்க அப்பச்சிக்கு மச்சம் இருந்த எடத்துலதான் வைக்கணும்னுட்டேன். சரியா இருக்கா?"

இடது தாடையில் கறுப்பாக ஒரு மைப்பொட்டு.

"சரியா இருக்கு, ஆத்தா" என்றேன்.

ஆச்சி மணவறைப் பக்கம் வரக்கூடாது. பின்கட்டுச் சாமான் அறையில் தனியாக உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜமக்காளத்தை இறக்கிவிட்டு, பெண் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமே என்று அங்கே போனேன்.

"பொட்டு எங்க வச்சிருக்கான்னு பாத்தீகளா?" என்று அவரே கேட்டார்.

"பாத்தேன் ஆச்சி."

வெற்றிலையைத் துடைத்து அடுக்கினார். இன்னொன்றை எடுத்தார்.

"அவுகளுக்கு மச்சம் கிடையாது, சேர்வை."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஆறு மாசம்தான் இருந்தோம். ஆனாலும் எனக்குத் தெரியாதா? நீங்க பாத்தது பூசணப் புள்ளியா இருக்கும்."

மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினாலு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லி வந்த தகப்பன் முகத்தில் என் தப்பும் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

"இத்தனை வருஷமா நீங்க ஒண்ணும் சொல்லலையே ஆச்சி."

"உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மச்சம்னு நீங்க சொல்லையில அவ மொகத்துல ஒரு வெளிச்சம் வரும். அதக் கெடுக்க மனசு வரலை."

"தப்பாச் சொல்லிட்டேன்னு அவகிட்ட இப்பப் போய்ச் சொல்லிரவா?"

ஆச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் படம் போன நாளுக்குப் பிறகு என்னை அப்படி நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்தத் தடவையாச்சும் என்னயக் கேட்டீகளே" என்றார். "வேணாம். இருக்கட்டும்."

அந்த ஆச்சி இப்போது சிவபதம் அடைந்துவிட்டார். பெரிய செட்டியாரும் இல்லை, கொத்தனாரும் இல்லை. எனக்கும் கண் மங்கிவிட்டது, மூக்கு மட்டும் பழையபடி இருக்கிறது. இளையாத்தங்குடிக்குப் போகும்போதெல்லாம் சிவன் சந்நிதியில் அந்த வீட்டுக்காக ஒரு விளக்கு போடுகிறேன். ஊரும் பேரும் நான் எழுதாததற்குக் காரணம் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெண் இருக்கிறது. இது அதன் கையில் போய்ச் சேரக் கூடாது.

தம்பிகளே, வாடை வந்தால் அன்றைக்கே திறந்துவிடுங்கள். திறக்க ஒருவர் வாய்ச்சொல் வேண்டுமென்றால், உள்ளே இருக்கிற பொருளை இழந்தால் யார் அழுவாரோ அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சின்னப் பெண்ணாக இருந்தாலும் சரி. சாமியைக் கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டு வேலையைச் செய்யுங்கள், உங்கள் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே போன பிறகு, பக்கத்தில் நின்று யார் அவசரப்படுத்தினாலும் ஈரம் காயும் வரை எதையும் துடைக்காதீர்கள். நான் காத்திருக்கக் கூடாத இடத்தில் காத்திருந்தேன். காத்திருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டிவிட்டேன். இதை விடப் பெரிதாகச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

போன புரட்டாசியில் அந்தப் பெண் கல்லலில் ரயில் இறங்கி, கைக்குழந்தையோடு என்னைப் பார்க்க வந்திருந்தது. மூன்றாவது குழந்தை, ஆண். என் மடியில் விட்டது. கண் மங்கலானாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. குழந்தையின் இடது தாடையில் மைப்பொட்டு.

"எங்க அப்பச்சி மாதிரி இருக்கானா, சேர்வை?"

"அப்படியே இருக்கான், ஆத்தா" என்றேன்.